பெட்ரோல் பங்கில் ஆவியைப் பிடிப்பது எப்படி?

பங்கிற்குள் வண்டியை விட்டதும் மூக்கில் ஏறும் அந்த வாசனை சிலருக்கு ரொம்பப் பிடிக்கும். டீலருக்குப் பிடிக்கக் கூடாது. அவர் காசு கொடுத்து வாங்கிய சரக்கு அது, பில் போடாமலே போய்க்கொண்டிருக்கிறது. கூடவே பென்சீனும் போகிறது. பி.எஸ்.6 பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு இருக்கிறது, சரி, ஆனால் அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள், அதை ஷிஃப்ட் முழுக்க மூச்சில் இழுப்பது நாசில் பிடித்து நிற்கும் பையன். இந்த ஆவியைப் பிடிக்கத்தான் வேப்பர் ரெகவரி சிஸ்டம், பங்க்காரர்கள் வாயில் வி.ஆர்.எஸ். நிறைய இடங்களில் மாட்டியாகிவிட்டது. மாட்டியதெல்லாம் வேலை செய்கிறதா என்பது வேறு கதை.

நான் சில வருஷம் ஒரு பங்கின் ஸ்டாக்கையும் கணக்கையும் பார்த்துக்கொண்டவன். அதில் கண்டதையும் விதிகளில் இருப்பதையும் சேர்த்து, டீலர், மேனேஜர், புதிதாகப் பங்க் எடுக்கப்போகிறவர் எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

உங்கள் பங்கிற்கு இது கட்டாயமா?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் பெட்ரோல் பங்குகளுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் நடந்த வழக்குகளின் தொடர்ச்சி அது. பிறகு தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் பங்குகள் தனியாக இசைவாணை வாங்க வேண்டும் என்ற அளவுக்குப் போனது. ஆயில் கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் போயின. 2023-ல் வந்த தீர்ப்பில் அந்த இசைவாணைச் சமாச்சாரம் கழன்றுவிட்டது, ஆனால் வி.ஆர்.எஸ். கழலவில்லை: 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரத்தில், மாதம் 300 கிலோலிட்டருக்கு மேல் விற்கும் ஏற்கெனவே இயங்கும் பங்குகள் மாட்டியே ஆக வேண்டும் என்று நின்றது. இதில் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு "கோர்ட்டே வேண்டாம்னு சொல்லிடுச்சே" என்று பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்புப்படி 10 லட்சத்தைத் தாண்டிய மாநகராட்சிகள் சென்னை, கோயம்புத்தூர், மதுரை மூன்றும்தான். 300 கிலோலிட்டர் என்பது நாளுக்கு 10,000 லிட்டர். இங்கே எண்ணுவது பெட்ரோலை மட்டும். டீசல் அவ்வளவாக ஆவியாகாது, அதனால் அதற்கு வி.ஆர்.எஸ். கிடையாது. டீசலையும் சேர்த்துக் கூட்டிவிட்டுப் பயந்த டீலரையும் பார்த்திருக்கிறேன், பெட்ரோல் 320 போகும்போது "டீசல்தானே அதிகம்" என்று நிம்மதியாக இருந்தவரையும் பார்த்திருக்கிறேன். சேல்ஸ் ரிப்போர்ட்டில் பெட்ரோல் பத்தியை மட்டும் எடுத்து ஒரு வருஷத்துக்குப் பாருங்கள்.

புதிதாகப் பங்க் போடுகிறவர்களுக்கு இன்னொன்று. அதே வழிகாட்டுதல் இடத்துக்கும் தூரம் வைத்திருக்கிறது. பள்ளிக்கூடம், 10 படுக்கையோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனை, குடியிருப்பு என்று வகைப்படுத்திய பகுதி, இவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடம் கிடைக்காத நிலையில் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாட்டோடு குறைக்கலாம், ஆனாலும் 30 மீட்டருக்குக் கீழே போகவே முடியாது. தூரத்தை அளப்பது காம்பவுண்டு சுவரிலிருந்து அல்ல. லோடு இறக்கும் வாய், மிஷின், வென்ட் பைப் (டேங்க் மூச்சு விடும் குழாய்) இவற்றில் எது பக்கமோ அதிலிருந்து. லே-அவுட் வரையும்போதே வென்ட் பைப்பை எந்த மூலையில் நிறுத்துகிறோம் என்று யோசித்தால் பின்னால் தலைவலி இல்லை. அப்புறம், இன்று உங்கள் விற்பனை வரம்புக்குக் கீழே இருந்தாலும், தரையைத் தோண்டும்போதே ஆவி திரும்பும் குழாயைப் போட்டு மூடிவிடுங்கள். ஓடுகிற பங்கை மறுபடி வெட்டுவதற்கு ஆகிற செலவும், அந்த நாட்களில் நிற்கும் வியாபாரமும் குழாய் விலையைப் போலப் பல மடங்கு.

யார் செலவு? பொறுப்பை ஆயில் கம்பெனிகள் மேல்தான் வைத்திருக்கிறார்கள். மாட்டாவிட்டால் சுற்றுச்சூழல் இழப்பீடும் அவர்களிடம்தான். அதனால் டீலருக்குக் கவலை இல்லை என்று நினைத்தால் தப்பு, ஏனென்றால் மாட்டிய பிறகு தினமும் அதை ஓட்டுகிறவர் நீங்கள்.

எவ்வளவு போகிறது, ஒரு கணக்கு

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ரொம்ப காலமாகப் பயன்படுத்தும் எண்கள் இருக்கின்றன. அந்த ஊர்ப் பெட்ரோலுக்கும் வெப்பத்துக்கும் எடுத்தவை, நமக்கு அச்சுப் பிசகாமல் பொருந்தாது, ஆனால் அளவு புரியும். நிலத்தடி டேங்கில் குழாய் அடிவரை போய் இறக்கினால், இறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 880 மில்லிகிராம் ஆவி வெளியே போகிறது. குழாய் அடிவரை போகாமல் மேலிருந்து கொட்டினால் 1,380. ஆவியை லாரிக்கே திருப்பி அனுப்பினால் வெறும் 40. பிறகு வண்டிக்குப் போடும்போது லிட்டருக்கு 1,320 மில்லிகிராம், அதைப் பிடித்தால் 132. டேங்க் மூச்சு விடுவதில், அதாவது வென்ட் வழியாகக் காற்றும் ஆவியும் போய் வருவதில், 120. சிந்துவதில் 80.

12 கிலோலிட்டர் லோடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவி ஹோஸ் மாட்டாமல் இறக்கினால் பத்தரை கிலோ, ஏறக்குறைய 14 லிட்டர் பெட்ரோல், வென்ட் பைப் வழியாகக் காற்றில். மாட்டி இறக்கினால் முக்கால் லிட்டர்கூட இல்லை. ஒரு ஹோஸை மாட்டக் கழற்ற இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தின் விலை என்ன என்று இன்றைய ரேட்டில் பெருக்கிப் பாருங்கள். ஸ்டாக் குறைகிறது, பையன்கள் கை வைக்கிறார்களோ என்று சந்தேகப்படுகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நானும் ஒரு கோடையில் அப்படித்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் ஃபில் பாயிண்ட் (லோடு இறக்கும் வாய்) மூடியின் கேஸ்கெட் காய்ந்து வெடித்திருந்தது.

லோடு இறக்கும்போது: ஸ்டேஜ் 1

இதன் தத்துவம் எளிது. டேங்கிற்குள் 12,000 லிட்டர் பெட்ரோல் போனால், அங்கே ஏற்கெனவே இருந்த 12,000 லிட்டர் ஆவி வெளியே வந்தாக வேண்டும். லாரியில் அதே அளவு இடம் காலியாகிறது. இரண்டையும் ஒரு ஹோஸால் இணைத்துவிட்டால் ஆவி லாரிக்குப் போய்விடும், லாரி அதை லோடு ஏற்றிய கிடங்குக்கே (டெர்மினல்) திருப்பிக் கொண்டுபோகும். மோட்டார் எதுவும் வேண்டாம், இறங்கும் பெட்ரோலே தள்ளிவிடும்.

லாரி வந்ததும் வழக்கமாகச் செய்வதை எல்லாம் செய்யுங்கள்: இன்ஜினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எர்த் வயரைக் கொடுத்து, தீயணைப்புக் கருவியைப் பக்கத்தில் வைத்து, சரக்கு அடங்கக் கொஞ்சம் நேரம் விட்டு, சீல், டிப் (ராட் விட்டு அளவு பார்ப்பது), டென்சிட்டி (அடர்த்தி), தண்ணீர் எல்லாம் பார்ப்பது. சலானில் உள்ள டென்சிட்டிக்கும் நீங்கள் பார்த்ததற்கும், 15 டிகிரிக்கு மாற்றிய பிறகு, 3 புள்ளிக்கு (கன மீட்டருக்கு 3 கிலோ) மேல் வித்தியாசம் வந்தால் இறக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

வித்தியாசம் இதற்குப் பிறகுதான் வருகிறது. டிப் பார்த்து முடித்ததும் லாரி மேல் மூடியை மூடச் சொல்லுங்கள். நம் ஊரில் பாதி டிரைவர்கள் திறந்தே வைத்திருப்பார்கள், "சீக்கிரம் இறங்கும் சார்" என்பார்கள். மூடி திறந்திருந்தால் லாரி வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும், டேங்க் ஆவி லாரிக்குப் போக வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடும். ஹோஸ் மாட்டியிருக்கும், போட்டோவும் எடுத்திருப்பீர்கள், ஆவி மட்டும் தன் பாட்டுக்கு வென்ட்டில் போகும். அதே மாதிரி உங்கள் பக்கத்து டிப் மூடியும் இறக்கி முடியும்வரை மூடியிருக்க வேண்டும். நடுவில் திறந்து ராட் விட்டுப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை விட்டுவிடுங்கள், ஏ.டி.ஜி. (டேங்க் அளவைத் தானாகக் காட்டும் கருவி) இருந்தால் திரையில் பாருங்கள்.

ஆவி ஹோஸை முதலில் மாட்டி, பிறகுதான் சரக்கு ஹோஸைத் திறக்க வேண்டும். கழற்றும்போது தலைகீழ், ஆவி ஹோஸ் கடைசி. இறக்கும்போது வென்ட் பைப் பக்கம் நின்று மேலே பாருங்கள். வெயில் நேரத்தில் நுனியில் காற்று நெளிகிற மாதிரி தெரிந்தால் எங்கோ கசிகிறது அல்லது ஹோஸ் சரியாகப் பூட்டவில்லை.

சில லாரிகள் ஆவி ஹோஸ் இல்லாமலே வரும், இருந்தாலும் கப்ளிங் சேராது. எங்களுக்கு அப்படி வந்துகொண்டே இருந்தது. போனில் சொன்னால் "அடுத்த லோடில் பார்த்துக்கலாம்" என்பார்கள். சலானிலேயே "ஆவி ஹோஸ் இல்லை" என்று எழுதி டிரைவர் கையெழுத்தும் வாங்கி, அன்றே சேல்ஸ் ஆபீசருக்கு மெயில் போட ஆரம்பித்த பிறகுதான் மாறியது.

வண்டிக்குப் போடும்போது: ஸ்டேஜ் 2

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. மிஷினுக்குள் ஒரு வாக்குவம் பம்ப், இரட்டைச் சுவர் ஹோஸ், நாசில் முனையைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டைகள். பெட்ரோல் ஒரு வழியில் வண்டிக்குப் போகிறது, வண்டி டேங்கில் இருந்த ஆவி ஓட்டைகள் வழியாக உறிஞ்சப்பட்டு நிலத்தடி டேங்கிற்குத் திரும்புகிறது.

அந்த ஆவி வாடிக்கையாளருடையதுதானே, நமக்கு என்ன லாபம் என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. நீங்கள் ஒரு லிட்டர் விற்றால் நிலத்தடி டேங்கில் ஒரு லிட்டர் வெற்றிடம். அதில் வெளிக்காற்று வந்து நிரம்பினால், அந்தக் காற்று நிறையும்வரை உங்கள் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதற்குப் பதில் ஏற்கெனவே ஆவி நிறைந்த காற்று வந்தால் உங்கள் சரக்கு அப்படியே இருக்கும். லாபம் அங்கேதான் வருகிறது. ஆவி உள்ளே போய்ப் பெட்ரோலாக மாறிக் கொட்டும் என்று யாராவது விற்பனைக்காரர் சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பார்க்க வேண்டிய எண் ஒன்றே ஒன்று: ஒரு லிட்டர் பெட்ரோல் போடும்போது எத்தனை லிட்டர் ஆவி திரும்பி வருகிறது. ஐரோப்பிய விதியில் இது 0.95-க்கும் 1.05-க்கும் இடையில் இருக்க வேண்டும், பிடிக்கும் திறன் குறைந்தது 85 சதவீதம், வருஷத்துக்கு ஒருமுறை சோதனை. மிஷின் கம்பெனி ஆள் சர்வீசுக்கு வரும்போது இந்த விகிதத்தை ஒவ்வொரு நாசிலுக்கும் தனித்தனியாக மீட்டர் வைத்து எடுத்து எழுதித் தரச் சொல்லுங்கள். "ஓகே" என்று ஒரு டிக் போட்ட பேப்பர் வேண்டாம், எண் வேண்டும். 0.95-க்குக் கீழே போனால் ஆவி தப்பிக்கிறது என்பது புரியும். 1.05-க்கு மேலே போனால் நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் அதுதான் மோசம்: கூடுதலாக வெளிக்காற்றை இழுத்து டேங்கில் திணிக்கிறது, அந்தக் காற்று பெட்ரோலை ஆவியாக்குகிறது, அழுத்தம் ஏறி வென்ட்டில் தள்ளுகிறது. பிடித்த ஆவியை வேறு வழியில் விடுவதற்குக் கரண்டு பில் கட்டுகிறீர்கள். அமெரிக்கா 2012-ல் ஸ்டேஜ் 2-ஐத் தளர்த்தியதற்கும் இதுதான் ஒரு காரணம். அங்கே கார்களிலேயே ஆவியைப் பிடிக்கும் கேனிஸ்டர் வந்துவிட்டது, அதனால் நாசில் வெறும் காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது. நம் பி.எஸ்.6 விதியில் அந்த வகை கேனிஸ்டர் கட்டாயமில்லை, ஆகவே இங்கே ஸ்டேஜ் 2-க்கு இன்னும் வேலை இருக்கிறது.

பழுது எங்கே வரும்? பெரும்பாலும் நாசில் ஓட்டையில். தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். காலை டெஸ்ட் எடுக்கும்போது துணியால் துடைத்து ஒரு பார்வை பார்த்தால் போதும். அடுத்தது, ரவுண்டு ஃபிகருக்காகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது. ஆட்டோ கட் ஆன பிறகும் "முழுசா போடுங்கண்ணே" என்று கேட்கும் வாடிக்கையாளருக்காகப் போட்டால், பெட்ரோலே ஆவி வழிக்குள் போய் ஹோஸை அடைத்துவிடும், அதற்கப்புறம் அந்த நாசில் உறிஞ்சாது. தரைக்கடியில் ஆவிக் குழாய் எங்காவது தொய்ந்து பள்ளமாகியிருந்தாலும் இதே கதை, அங்கே பெட்ரோல் தேங்கி வழி மூடும். குழாய் முழுக்க டேங்கை நோக்கிச் சரிவாகவே போக வேண்டும், மண் மூடுவதற்கு முன்னால் லெவல் வைத்து நீங்களே பாருங்கள். கான்ட்ராக்டர் சொல்வதை நம்ப வேண்டாம்.

இன்னொரு பழுது மனுஷப் பழுது. வாக்குவம் பம்ப் சத்தம் போடுகிறது என்று பிரேக்கரை இறக்கி வைத்துவிடுவார்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் பெட்ரோல் வழக்கம்போல் வரும். நாசில் ஓடும்போது பம்ப் ஓடுகிறதா என்று தினம் ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள்.

டூவீலர் பிரச்சினையைச் சொல்லாமல் விட முடியாது. இந்த நாசில் காருக்காகச் செய்தது. காரின் கழுத்தில் உள்ளே போய் உட்காரும். நம் பங்கில் வரிசை கட்டி நிற்பது பைக்கும் ஸ்கூட்டரும், நூறு ரூபாய்க்குப் போடுவது, மூடியைத் திறந்து நாசிலை மேலே தூக்கிப் பிடித்து ஊற்றுவது. ஓட்டைகள் வாய்க்கு வெளியே இருந்தால் அது உறிஞ்சுவது ஊர்க்காற்றை. எவ்வளவு விலை கொடுத்து மாட்டினாலும் இங்கே கோட்டை விட்டுவிடுவோம். பையன்களுக்கு ஒரே ஒரு பழக்கம் மட்டும் சொல்லிக்கொடுங்கள்: ஓட்டைகள் டேங்க் வாய்க்குள் மறையும்வரை நாசிலை இறக்கிப் பிடி, சத்தம் நின்ற பிறகு இரண்டு நொடி விட்டு எடு. அளவைப் பார்க்கக் குனிந்து முகத்தை வாய்க்கு நேரே வைக்காதே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முழுதாகச் சரியாகாது, ஆனால் சும்மா இருப்பதற்கு எவ்வளவோ மேல்.

வென்ட் வால்வும் பேப்பரும்

வென்ட் பைப் நுனியில் அழுத்த வால்வு ஒன்று வரும், பி.வி. வால்வு என்பார்கள். அது இல்லாவிட்டால் டேங்க் வெயிலில் மூச்சை விட்டு இரவில் இழுத்துக்கொண்டே இருக்கும். இழுக்கும் காற்றில் ஈரம் இருக்கும், இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, எத்தனால் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அளவு மீறினால் பிரிந்து அடியில் தங்கும். அதனால் ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த வால்வு ஒட்டிக்கொள்ளாமல் அசைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். "லோடு மெதுவாக இறங்குகிறது" என்று அதைக் கழற்றி வீசிய இடங்களும் உண்டு. மெதுவாக இறங்கினால் ஆவி ஹோஸில்தான் அடைப்பு, வால்வைத் திட்டிப் பயனில்லை.

பேப்பரில் மூன்று விஷயம் முக்கியம். வி.ஆர்.எஸ். மாட்டுவது உரிமம் பெற்ற இடத்தில் செய்யும் மாற்றம், எனவே பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பு) ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் ஆவிக் குழாய் இருக்க வேண்டும். பழைய வரைபடத்தை ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தால் புதியதை வாங்குங்கள். மிஷினைத் திறந்து சீல் உடைத்திருந்தால் எடையளவுத் துறை மறுபடி முத்திரை வைக்கும்வரை அந்த நாசிலில் விற்காதீர்கள். மூன்றாவது, ஒரு சாதாரண நோட்டு: என்றைக்கு எந்த நாசில் பழுது, யாருக்கு எப்போது புகார், புகார் எண் என்ன, ஆள் எப்போது வந்தார், சரிசெய்த பிறகு விகிதம் எவ்வளவு. சோதனைக்கு வருகிறவர் மிஷின் ஓடவில்லை என்று பார்த்தால் அடுத்த கேள்வி "எப்போதிலிருந்து" என்பதுதான். நோட்டு இருந்தால் பதில் இருக்கிறது.

வாடிக்கையாளர் பக்கம் ஒன்று பாக்கி. "இந்த மிஷின் போட்ட பெட்ரோலையே திரும்ப உறிஞ்சுதாமே" என்று கேட்பார்கள். சிரித்து மழுப்ப வேண்டாம். பெட்ரோல் ஆவி வழிக்குள் போகும் அளவுக்கு நாசில் கெட்டிருந்தால் அப்படி நடக்க வாய்ப்பு உண்டு, ஏனென்றால் மீட்டர் அதற்கு முன்னாலேயே எண்ணிவிட்டது. முத்திரையிட்ட 5 லிட்டர் கேனை எடுத்து, அவர் கண் முன்னாலேயே அதே நாசிலில் பிடித்துக் காட்டுங்கள். குறைந்தால் அந்த நாசிலை அங்கேயே நிறுத்திப் போர்டு மாட்டிவிட்டு, நோட்டில் அடுத்த வரியை எழுதுங்கள்.